ரோட்டரி பிராசஸரில் ஃபிக்ஸருக்குப் பிறகு கழுவுவது: எத்தனை தண்ணீர், எவ்வளவு நேரம்?

சுழல்தொட்டி | மார்ச் 2, காலை

கறுப்பு-வெள்ளை ஃபிலிம் டெவலப் பண்ணுகிறேன். ஜோபோ பிராசஸர் (டேங்கைப் படுக்கவைத்து உருட்டும் மெஷின்), 1520 டேங்க், இரண்டு 135 ரோல், 240 மி.லி. கரைசல். டெவலப்பர், பிறகு மிச்சமுள்ள வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஃபிக்ஸர்: அதுவரை குழப்பமில்லை. கழுவுவதற்கு வந்தால்தான் ஆளுக்கொரு கணக்கு. அரை மணி நேரம் ஓடும் தண்ணீர் வேண்டும் என்கிறார்கள் சிலர். வேறு சிலர் இல்ஃபோர்டு முறையைச் சொல்கிறார்கள்: டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10, மறுபடி 20, வேலை முடிந்தது.

ரோட்டரியில் கவிழ்ப்பதே கிடையாது. டேங்க் படுத்தபடி உருள்கிறது, ஃபிலிமின் ஒரு பகுதி மட்டும்தான் தண்ணீருக்குள் இருக்கிறது. 5, 10, 20 என்பதை இங்கே எதற்குச் சமமாக வைப்பது? 240 மி.லி. தண்ணீர் கழுவப் போதாது, ஃபிக்ஸர் முடிந்ததும் டேங்கைக் கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுபோவதே சரி என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

வெள்ளியுப்பு | மார்ச் 2, மதியம்

மறுக்கிறேன். தண்ணீரின் மொத்த அளவு முக்கியமில்லை, எத்தனை தடவை மாற்றுகிறோம் என்பதுதான் முக்கியம்.

கொட்டிய பிறகும் டேங்க் சுவர், ரீல் பள்ளம், ஃபிலிமின் இரு பக்கம் எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது 12 மி.லி. என்று வையுங்கள். 240 மி.லி. புதுத் தண்ணீர் ஊற்றினால் மொத்தம் 252. அதாவது ஒரு மாற்றத்துக்கு 21 மடங்கு நீர்க்கிறது. நாலு மாற்றத்தில் 21-ஐ நாலு தடவை பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 1,94,000 மடங்கு. கழுவி வெளியேற்ற வேண்டியது தயோசல்பேட், அதாவது ஹைப்போ, ஃபிக்ஸரின் முக்கிய உப்பு. ஃபிக்ஸரில் அது லிட்டருக்கு 120 கிராம் இருந்திருந்தால் நாலாவது தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. ஐந்தாவது மாற்றத்தில் 40 லட்சம் மடங்கைத் தாண்டிவிடும்.

அதே ஐந்து பங்குத் தண்ணீரை, 1.2 லிட்டரையும், ஒரே தடவையில் ஊற்றிக் கொட்டினால் கிடைப்பது வெறும் 101 மடங்கு. தண்ணீர் ஒன்றேதான். பிரித்து ஊற்றியதால் வந்த வித்தியாசம் இது.

வெள்ளியுப்பு | மார்ச் 2, மாலை

மேலே சொன்னது பாதிதான். அந்தக் கணக்கு, ஜெலட்டினுக்குள் இருக்கும் தயோசல்பேட் வெளியே வந்து சுற்றியுள்ள தண்ணீரோடு சமமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு நேரம் வேண்டும். ஈரத்தில் ஊதியிருக்கும் எமல்ஷன், அதாவது ஃபிலிமின் மேல் படமிருக்கும் ஜெலட்டின் படலம், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஜெலட்டினை இறுக்கும் ஹார்டனர் இல்லாத ஃபிக்ஸர், 20 டிகிரி தண்ணீர் என்றால் பெரும்பகுதி சில விநாடிகளில் வெளியேறிவிடும். கடைசித் துளிகள்தான் மெதுவாக வரும். அதனால்தான் இல்ஃபோர்டு முறையிலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது: முதலில் 5 போதும், கடைசியில் 20 வேண்டும்.

ரோட்டரியில் நிமிடத்துக்கு 50 சுற்று என்றால் அரை நிமிடத்தில் ஃபிலிமின் ஒவ்வொரு இடமும் 25 தடவை தண்ணீரில் மூழ்கி எழுகிறது. கலக்கல் போதாது என்ற கவலையே வேண்டாம். ஆனால் எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் ஜெலட்டினுக்குள் நடக்கும் பரவல் வேகமாகாது. ஆகவே கவிழ்ப்பு எண்ணிக்கையை மறந்துவிட்டு நிமிடத்தில் யோசியுங்கள். நான் பரிந்துரைப்பது:

முதல் தண்ணீர் 15 விநாடி, இரண்டாவது 30 விநாடி, மூன்றாவது 1 நிமிடம், நாலாவதும் ஐந்தாவதும் தலா 2 நிமிடம். மொத்தம் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஹார்டனர் இல்லாத ரேப்பிட் ஃபிக்ஸருக்கு மட்டும்தான் இது.

பல்சக்கரம் | மார்ச் 3

12 மி.லி. என்பது டேங்கைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடிச்சு உதறினா வர்ற கணக்கு. லிஃப்ட் (டேங்கைக் கழற்றாமலே கரைசலை ஊத்தவும் சாய்ச்சுக் கொட்டவும் மெஷின்ல இருக்கிற அமைப்பு) வச்சிருக்கிறவங்களுக்கு அது ஒத்துவராது. லிஃப்ட் டேங்கைச் சாய்க்குது, ஆனா உதறாது. ரீலோட அடிப்பக்கத்துலயும் மூடியோட உள் விளிம்புலயும் தண்ணி தங்கும்.

ஊகம் வேண்டாம், எடை போட்டுப் பாத்துடலாம். காஞ்ச டேங்க், ரீல், மூடி, பழைய ஃபிலிம் ரெண்டு துண்டு எல்லாம் சேத்து சமையல் தராசுல வைங்க. எடையை எழுதிக்கோங்க. பிராசஸர்ல மாட்டி 240 மி.லி. ஊத்தி ஒரு நிமிஷம் சுத்த விட்டு, வழக்கமா எவ்வளவு நேரம் லிஃப்ட்டைத் தூக்கி வைப்பீங்களோ அவ்வளவு நேரம் மட்டும் வைங்க. கழற்றி வெளிப்பக்கத்தை நல்லாத் துடைச்சிட்டு மறுபடி எடை. கூடுன ஒவ்வொரு கிராமும் ஒரு மி.லி. மீதி.

25 கிராம் கூடுச்சுன்னா ஒரு மாற்றத்துக்கு 10.6 மடங்குதான் நீர்க்குது. அப்போ நாலு மாற்றத்துல கிடைக்க வேண்டியதுக்கு அஞ்சு மாற்றத்துக்குக் கொஞ்சம் மேலயே தேவை. லிஃப்ட்டைத் தூக்கினபடி இன்னும் 10 விநாடி விட்டுப் பாருங்க, மீதி எவ்வளவு குறையுதுன்னு தராசே சொல்லும்.

சுழல்தொட்டி | மார்ச் 3, இரவு

எடை போடும் யோசனை பிரமாதம். ஆக லிஃப்ட் இருந்தால் ஆறு மாற்றம் என்று வைத்துக்கொள்ளலாமா?

ஒரு துணைக்கேள்வி. மாற்றங்களுக்குப் பதிலாகக் குழாயிலிருந்து ஒரு ஹோஸை டேங்கின் வாயில் செருகிப் பத்து நிமிடம் விட்டால்?

வெள்ளியுப்பு | மார்ச் 4

ஆறு, சரி.

ஹோஸ் விஷயத்தில் கவனம். தயோசல்பேட் கரைசல் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் தங்கும். மேலே விழும் தண்ணீர் மேலேயே சுழன்று வழிந்து போய்விடும். தண்ணீர் நடுக்குழாய் வழியாக அடிக்குப் போய், அங்கிருந்து ரீல்களுக்கு இடையே ஏறி, மேலே வழிய வேண்டும். ஜோபோவின் கேஸ்கேட் வாஷர் அப்படித்தான் வேலை செய்கிறது. அப்படியிருந்தும் இடையிடையே டேங்கை முழுக்கக் கொட்டி மறுபடி நிரப்புவது நல்லது. ஓடும் தண்ணீர் எப்போதும் ஒரே பாதையில் ஓடும், மூலைகள் அப்படியே நிற்கும்.

பல்சக்கரம் | மார்ச் 4

முதல் கேள்விக்கு இன்னொரு பதில். டேங்கைக் கழற்றணும்கிறது முழுத் தப்புன்னு சொல்ல மாட்டேன். முதல் மூணு நாலு தண்ணியை மெஷின்லயே ஓட்டுங்க. கடைசி ரெண்டு தண்ணிக்குக் கழற்றி நிமிர்த்தி வச்சு முழுசா நிரப்புங்க. 1520-க்கு நிமிர்த்தி வச்சா 485 மி.லி. பிடிக்கும், ரோட்டரி அளவு மாதிரி ரெண்டு மடங்கு. கவிழ்த்து உதறினா மீதியும் குறையும். ரெண்டு லாபம்.

அந்தத் தண்ணியும் அதே வெப்பத்துல இருக்கணும். பிராசஸரோட தண்ணித் தொட்டியிலயே ரெண்டு பாட்டில்ல கழுவுற தண்ணியை முன்னாடியே நிரப்பி வச்சிருங்க. டெவலப்பர் 24 டிகிரி, குழாய்த் தண்ணி 12 டிகிரின்னா ஃபிலிமுக்கு நல்லதில்ல. இன்றைய ஃபிலிம்கள் ரெட்டிகுலேஷனுக்கு (திடீர் வெப்ப மாற்றத்துல ஜெலட்டின் சுருங்கிச் சுருக்கம் விழுறது) சுலபமா மசியாது, ஆனாலும் வித்தியாசம் 5 டிகிரிக்குள்ள இருக்கட்டும். இதைவிடப் பெரிய காரணம், குளிர்ந்த தண்ணியில ஜெலட்டின் சரியா ஊதாது, ஃபிக்ஸர் மெதுவாத்தான் வெளிய வரும். 10 டிகிரிக்குக் கீழ போனா மேல சொன்ன நேரக்கணக்கெல்லாம் செல்லாது.

தாள்ஃபிலிம் | மார்ச் 6

எல்லோரும் ரேப்பிட் ஃபிக்ஸரையே வைத்துப் பேசுகிறீர்கள். பொடி ஃபிக்ஸர் பயன்படுத்துபவர்களும் இதைப் படிப்பார்கள்.

கோடக் எஃப்-5 சூத்திரத்தைப் பாருங்கள்: லிட்டருக்குச் சோடியம் தயோசல்பேட் 240 கிராம், சோடியம் சல்ஃபைட் 15 கிராம், 28 சதவீத அசெட்டிக் அமிலம் 48 மி.லி., போரிக் அமிலம் 7.5 கிராம், பொட்டாசியம் ஆலம் 15 கிராம். அந்தக் கடைசிச் சரக்கு, படிகாரம், ஜெலட்டினை இறுக்குகிறது. தயோசல்பேட்டும் உள்ளேயே பிடிபட்டுக்கொள்கிறது. ஆறு நிமிடத்தில் ஆறு மாற்றம் என்பது இந்த ஃபிக்ஸருக்குப் போதவே போதாது.

இதற்குச் சல்ஃபைட் குளியல் வேண்டும். நீரற்ற சோடியம் சல்ஃபைட் 20 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். வரிசை இப்படி: ஃபிக்ஸரைக் கொட்டு, ஒரு தண்ணீர் 30 விநாடி, சல்ஃபைட் 2 நிமிடம் சுழற்சியில், பிறகு தலா 1 நிமிடமாக ஐந்து தண்ணீர். சல்ஃபைட் கரைசலை ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுங்கள். திறந்த பாத்திரத்தில் காற்றுப்பட்டுச் சீக்கிரம் வீரியம் இழக்கும். ரோட்டரியில் 240 மி.லி. போதும் என்பதால் ஒரு தடவைக்கு 5 கிராம்கூடச் செலவாகாது.

வெள்ளியுப்பு | மார்ச் 6

ஆமோதிக்கிறேன். காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஜெலட்டினில் ஒட்டிய தயோசல்பேட் அயனியின் இடத்தைச் சல்ஃபைட் அயனி பிடித்துக்கொள்கிறது. அது பிறகு தண்ணீரில் எளிதாகப் போய்விடும். லேசான காரத்தன்மையும் உதவுகிறது. கடல் நீரிலும் உப்புகள் இதே வேலையைச் செய்கின்றன. நல்ல தண்ணீரில் கழுவி முடித்தால் கடல் நீர் கெடுதல் இல்லை.

ஹார்டனர் இல்லாத ரேப்பிட் ஃபிக்ஸருக்கு, ஃபிலிம் என்றால் சல்ஃபைட் கட்டாயமில்லை. பிரிண்ட் போடும் ஃபைபர் பேப்பரின் கதை வேறு. அங்கே காகிதமே ஃபிக்ஸரை உறிஞ்சிக்கொள்கிறது. ஃபிலிமின் அசெட்டேட், பாலியெஸ்டர் அடித்தளம் உறிஞ்சாது. பேப்பருக்குச் சொன்ன நேரத்தை ஃபிலிமுக்குப் பொருத்தியதில்தான் அந்த அரை மணி நேரப் பழக்கம் வேரூன்றியிருக்க வேண்டும்.

சுழல்தொட்டி | மார்ச் 7

டி-மேக்ஸ், டெல்டா போன்ற தட்டைப் படிக ஃபிலிம்களில் கழுவி முடித்த பிறகும் ஊதா கலந்த இளஞ்சிவப்புச் சாயல் நிற்கிறதே, அது கழுவல் குறையா, ஃபிக்ஸர் குறையா?

வெள்ளியுப்பு | மார்ச் 7

அது ஒளியுணர்வுச் சாயம், பல நிற வெளிச்சத்தையும் உணர்வதற்காக எமல்ஷனில் சேர்ப்பது. ஃபிக்ஸர் களைத்திருந்தாலோ நேரம் போதாவிட்டாலோ அதிகமாகத் தங்கும். தட்டைப் படிக ஃபிலிம்களில் அயோடைடு அதிகம், ஃபிக்ஸர் சீக்கிரம் களைக்கும். முதலில் ஃபிக்ஸரைச் சோதியுங்கள்: அதே ஃபிலிமின் தலைப்பகுதியிலிருந்து ஒரு துண்டை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போட்டு, தெளிவாக எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். பழைய வகை ஃபிலிமுக்கு அதைப் போல் இரு மடங்கு, தட்டைப் படிகத்துக்கு மூன்று மடங்கு நேரம் ஃபிக்ஸ் பண்ணுங்கள். புது ஃபிக்ஸரில் ஆன நேரத்தைப் போல் இரண்டு மடங்காகிவிட்டால் கொட்டிவிடலாம்.

ஃபிக்ஸர் சரியாக இருந்தும் சாயல் நின்றால் மேலே சொன்ன சல்ஃபைட் குளியலே அதையும் எடுத்துவிடும். லேசாக நிற்கும் சாயலால் நெகட்டிவுக்குத் தீங்கு இல்லை, வெளிச்சம்பட்டால் மங்கிப்போகும்.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. ஃபிக்ஸ் குறையாக இருந்தால் எத்தனை தண்ணீர் மாற்றினாலும் பயனில்லை. களைத்த ஃபிக்ஸரில் உருவாகும் வெள்ளி-தயோசல்பேட் கூட்டுப்பொருள்கள் சரியாகக் கரையாது, ஜெலட்டினிலேயே தங்கும். நாளடைவில் அவை சிதைந்து பழுப்புக் கறையாக மாறும். அதைப் பார்த்துவிட்டுக் கழுவியது போதவில்லை என்று பழிபோடுகிறோம்.

பல்சக்கரம் | மார்ச் 9

ஃபிலிம் சுத்தமாயிடுச்சு, சரி. மெஷின்? இதைப் பத்தி யாரும் வாயே திறக்கலை.

ஃபிக்ஸர் போன வழியெல்லாம் ஃபிக்ஸர் இருக்கும்: லிஃப்ட்டோட ஊத்துற புனல், உள்குழாய், பல்சக்கர மூடி மாட்டுற கழுத்து, வெளிய போற ஹோஸ். அடுத்த ரோலுக்கு டெவலப்பர் ஊத்தும்போது அதுவும் அதே புனல் வழியாத்தான் போகுது. டெவலப்பர்ல கொஞ்சம் ஹைப்போ கலந்தாலே டைக்ரோயிக் ஃபாக் வரும். நெகட்டிவைச் சாய்ச்சுப் பாத்தா மஞ்சப்பச்சை மினுக்கம், வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சா இளஞ்சிவப்பு. டெவலப்பர் மேல சந்தேகப்பட்டு பாட்டில் பாட்டிலாக் கொட்டுறதுக்கு முன்னாடி லிஃப்ட்டைப் பாருங்க.

செய்ய வேண்டியது: கழுவுற தண்ணி ஒவ்வொண்ணும் லிஃப்ட் புனல் வழியாவே போகட்டும். புனலோட சுவர் முழுக்க நனையுற மாதிரி சுத்தி ஊத்துங்க, நடுவுல மட்டும் ஊத்தாதீங்க. கடைசி ரெண்டு தண்ணிக்கு டேங்கைக் கழற்றினா, ஃபிலிமை எடுத்த பிறகு காலி டேங்கைத் திரும்ப மாட்டி வெதுவெதுப்பான தண்ணி ரெண்டு தடவை ஓட்டுங்க. எவ்வளவு ஊத்தலாம்னு மெஷின் கையேட்டுல இருக்கும், மோட்டார் தாங்குற அளவைத் தாண்டாதீங்க. முடிச்சதும் டேங்கை எடுத்துட்டு லிஃப்ட்டைத் தூக்கின நிலையில உலர விடுங்க.

தாள்ஃபிலிம் | மார்ச் 11

4x5 தாள் ஃபிலிம் போடுபவர்களுக்கு. ஜோபோவின் 3010 போன்ற எக்ஸ்பர்ட் டிரம்மில் தாளின் எமல்ஷன் உள்நோக்கி இருக்கும், முதுகுப்பக்கம் டிரம் சுவரை ஒட்டியிருக்கும். முன்பக்கம் அற்புதமாகக் கழுவப்படும், பின்பக்கத்துக்குத் தண்ணீர் சரியாகப் போய்ச்சேராது. ஒளிச்சிதறல் தடுப்புச் சாயம் பின்பக்கத்தில் உள்ள ஃபிலிம்களில் திட்டுத்திட்டாக நிறம் நிற்பது இதனால்தான்.

டிரம்மில் மூன்று தண்ணீர் மாற்றிவிட்டுத் தாள்களை வெளியே எடுத்துத் தட்டில் போடுங்கள். தட்டுக்கு ஒரு தாள், அல்லது தாள்களை ஒவ்வொன்றாக அடியிலிருந்து மேலே மாற்றியபடி. சல்ஃபைட் குளியலைத் தட்டிலேயே கொடுத்தால் சாயத் திட்டும் போய்விடும். ஈரத்தில் எமல்ஷன் மிக மென்மையாக இருக்கும், இன்னொரு தாளின் மூலை பட்டால் கீறல் நிச்சயம்.

பல்சக்கரம் | மார்ச் 11

ரீல்லயும் இதே சிக்கல் இருக்கு. ஜோபோ ரீல்ல ஒரே ரீல்ல ரெண்டு 120 ரோல் ஏத்தலாம். முதல் ரோல் உள்ள போனதும் சிவப்புத் தடுப்பை அழுத்தணும். அதை மறந்தா ரெண்டாவது ரோல் முதல் ரோல் மேல ஏறிக்கும். ஒட்டின இடத்துல டெவலப்பரும் போகாது, ஃபிக்ஸரும் போகாது, தண்ணியும் போகாது.

சுழல்தொட்டி | மார்ச் 14

நடைமுறை புரிந்தது. போதுமான அளவு கழுவிவிட்டோமா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

வெள்ளியுப்பு | மார்ச் 15

இரண்டு சோதனை, இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்லும்.

தயோசல்பேட் மிச்சத்துக்கு கோடக் ஹெச்டி-2: தண்ணீர் 750 மி.லி., 28 சதவீத அசெட்டிக் அமிலம் 125 மி.லி., சில்வர் நைட்ரேட் 7.5 கிராம், தண்ணீர் சேர்த்து 1 லிட்டர். நூறு மி.லி. தயாரித்தாலே நீண்ட நாளைக்குப் போதும். அதற்கு நைட்ரேட் 0.75 கிராம், அமிலம் 12.5 மி.லி. கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசெட்டிக் அமிலம்தான் இருக்கிறது என்றால் அதில் 3 பங்கை 8 பங்கு தண்ணீரில் ஊற்றினால் 28 சதவீதம் வரும். காய்ச்சி வடித்த தண்ணீரே வேண்டும், குழாய்த் தண்ணீரின் குளோரைடு நைட்ரேட்டைப் பாலாகத் திரித்துவிடும். ஃபிலிமின் படமில்லாத ஓரத்தில் ஈரத்தை ஒற்றியெடுத்து ஒரு சொட்டு விட்டு 2 நிமிடம் வையுங்கள். நிறமே இல்லை அல்லது மிக மெல்லிய மஞ்சள் என்றால் நல்லது. பழுப்பு என்றால் மறுபடி கழுவ வேண்டும். பழுப்புக் குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள், தோலில் பட்டால் கருங்கறை பல நாள் போகாது.

வெள்ளி மிச்சத்துக்கு எஸ்டி-1: சோடியம் சல்ஃபைடு 2 கிராம், தண்ணீர் 125 மி.லி. பயன்படுத்தும்போது 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர். இதையும் ஓரத்தில் ஒரு சொட்டு. வெளிர் கிரீமைவிட அடர்ந்த நிறம் வந்தால் ஃபிக்ஸ் போதவில்லை, புது ஃபிக்ஸரில் போட்டு மறுபடி முழுக்கக் கழுவ வேண்டும். இந்தக் கரைசல் அமிலத்தோடு சேரவே கூடாது, ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சுவாயு கிளம்பும். பயன்படுத்தாத ஃபிலிம் இருக்கும் அறையில் திறக்காதீர்கள். சல்ஃபைட், சல்ஃபைடு இரண்டையும் மாற்றி எடுத்துவிடாமல் குப்பியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

எண்ணாக வேண்டும் என்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 18917 இருக்கிறது, மெத்திலீன் புளூ முறை உட்பட. அது ஆய்வகத்துக்கான வேலை.

தாள்ஃபிலிம் | மார்ச் 15

பெர்மாங்கனேட் சோதனையையும் சிலர் செய்வார்கள்: ஊதாக் கரைசலில் கழுவிய தண்ணீரைச் சொட்டினால் தயோசல்பேட் இருந்தால் ஆரஞ்சாகி நிறமிழக்கும். அது தண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறது, ஜெலட்டினுக்குள் இருப்பதைப் பற்றி அல்ல. குழாய்த் தண்ணீரில் உள்ள கரிமப் பொருளும் அதே வேலையைச் செய்துவிடும். கழுவாத அதே குழாய்த் தண்ணீரில் முதலில் ஒரு சோதனை செய்து ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

பல்சக்கரம் | மார்ச் 18

கடைசிக் குளியல். வெட்டிங் ஏஜென்ட்டை (ஃபிலிம்ல தண்ணி சொட்டாத் தங்காம வழியச் செய்யுற திரவம்) மெஷினுக்குள்ள விடாதீங்க. சுழற்சியில நுரை பொங்கும், லிஃப்ட்டுக்குள்ள ஏறும். பிளாஸ்டிக் ரீல் பள்ளத்துல படிஞ்சா அடுத்த தடவை ஃபிலிம் ஏறாது, பாதியிலேயே சிக்கும். ஃபிலிமை ரீல்ல இருந்து எடுத்துத் தனிக் கிண்ணத்துல முக்குங்க. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணிக்கு 5 மி.லி. வெட்டிங் ஏஜென்ட், அதாவது 200-க்கு 1. கூடுதலா ஊத்தினா கறை கூடும், குறையாது. அரை நிமிஷம் போதும்.

ரீல், மூடி, டேங்க் எல்லாத்தையும் சுடு தண்ணியில அலசி நல்லாக் காய விடுங்க. ஈர ரீல்ல ஃபிலிம் ஏத்தவே முடியாது.

வெள்ளியுப்பு | மார்ச் 18

முதல் தண்ணீரைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மேலே சொன்ன 12 அல்லது 25 மி.லி. மீதி முழுக்க வெள்ளி கரைந்த ஃபிக்ஸர், அது முதல் தண்ணீரில்தான் வந்து சேருகிறது. ஹோஸின் நுனியை அந்த நேரம் பழைய ஃபிக்ஸர் கேனிலேயே விட்டு, முதல் தண்ணீரையும் அங்கே சேர்த்துவிடுங்கள். இரண்டாவது தண்ணீரிலிருந்து சாக்கடைக்குப் போகலாம். கேன் சீக்கிரம் நிறையும் என்றால் முதல் தண்ணீரை மட்டும் 100 மி.லி.யாகக் குறைத்து, அதற்குப் பதில் கடைசியில் ஒரு மாற்றம் கூட்டிக்கொள்ளுங்கள்.